டாக்மாருக்கு வந்த வேலைநீக்கக் கடிதம்

மைலிஸ் அந்த மஞ்சள் சீட்டைக் கிழித்துப் போட்டது இது மூன்றாவது முறை. திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று, இதோ புதன்கிழமை காலை இன்னொன்று. கிழிக்கக் கிழிக்க யாரோ வந்து ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். எழுதியிருந்ததும் மாறவே இல்லை. "எண் 2318. பழைய மின்கம்பி, சுமார் 350 கிலோ."

"பழைய கம்பியாம்ல, பழைய கம்பி! எழுதினவன் மண்டையில இருக்கறதுதான் பழைய கம்பி" என்று சொல்லி, சீட்டைக் கசக்கிக் காப்பிக் கோப்பைக்குள் போட்டாள் மைலிஸ்.

ரைமோ பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியில் சீஸ் வைத்துக்கொண்டிருந்தான். பின்லாந்துக்காரன். நாற்பது வருடமாக இந்த ட்ரோல்ஹெட்டான் ஊரில் இருக்கிறான், மொத்தமாகச் சேர்த்தால் நாற்பது பக்கம் பேசியிருப்பான்.

"நாளைக்கும் ஒட்டுவாங்க" என்றான்.

"ஒட்டட்டும். எனக்குக் கை இருக்கு."

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பழைய இரும்பு லாரி வருது. செம்பை உருக்கிடுவான்."

மைலிஸின் கை அப்படியே நின்றுவிட்டது. லாரி விஷயம் அவளுக்குத் தெரியாது.

சாப் கார் கம்பெனி திவாலாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னால், திங்கட்கிழமை பார்த்து, நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுவாரமே, இருப்பதை விற்றுக் கடனை அடைக்க வக்கீல்கள் வந்து இறங்கினார்கள். தகடு அழுத்துகிற பெரிய இயந்திரத்திலிருந்து சாப்பாட்டு அறை ஸ்பூன் வரைக்கும் எல்லாவற்றுக்கும் எண் போட்டு மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். ஜன்னலில் யாரும் கழற்றாமல் விட்ட கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரத்துக்குக்கூட ஒரு எண். மூவாயிரத்துச் சொச்சம் பேரில் கிட்டத்தட்ட எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எதை எங்கே வைத்திருக்கிறோம் என்று காட்டிக்கொடுக்கச் சிலரை மட்டும் வைத்திருந்தார்கள். மைலிஸும் ரைமோவும் அதில் சேர்த்தி. இவர்களுக்கும் வெள்ளிக்கிழமையோடு சரி.

மைலிஸ் அழவில்லை. டிசம்பரில் தொலைக்காட்சிக்காரன் ஒருவன் வாசலில் நின்று, "எப்படி உணர்றீங்க?" என்று மைக்கை நீட்டினான். "குளிருது" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். ஆனால் டாக்மாரைப் பழைய கம்பி என்று எழுதியது மட்டும் அவளுக்குத் தாங்கவில்லை.

டாக்மார் ஒரு எல்க் மான். உயிருள்ளது இல்லை, மைலிஸ் கையால் கட்டியது. இந்தப் பக்கத்துக் காட்டு வழியில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் அந்த மானைத் தெரியும். குதிரையைவிட உயரம், நாலு நெட்டைக் கால், அதன்மேல் பீப்பாய் மாதிரி உடம்பு. அந்தி நேரத்தில் திடீரென்று ரோட்டுக்கு வந்து நிற்கும். வண்டி மோதினால் காலைத்தான் தட்டும். உடம்பு முழுக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு நம் மடியில் வந்து உட்காரும். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆள் வராது, போலீஸ்காரர்தான் வருவார்.

எண்பத்திரண்டில், வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கிற மோதல் கூடத்து ஆட்களுக்கு ஒரு யோசனை. சுவரில் மோதிப் பார்க்கிறோம், மானில் மோதிப் பார்க்க வேண்டாமா? அப்போது மைலிஸ் கம்பிப் பிரிவில் இருந்தாள். வண்டிக்குள் ஓடுகிற மின்கம்பிகளைக் கற்றையாகக் கட்டுகிற வேலை. அங்கே மிஞ்சிய கம்பியை வைத்து மானின் எடையும் மானின் நெகிழ்வும் வருகிற மாதிரி ஒரு பொதியைக் கட்டிக்கொடு என்று கேட்டார்கள். அவள் தன் பெரியப்பா சுட்டுக் கொண்டுவந்த மான்களை நினைத்துக்கொண்டு கட்டினாள். கழுத்து எங்கே மடங்கும், வயிறு எங்கே சரியும், எல்லாம். தொங்கவிட்டு வண்டியை விட்டார்கள். கூரை அப்பளம் மாதிரி நொறுங்கியது. எஞ்சினியர்கள் முகம் வெளுத்துப் போய் வரைபலகைக்கு ஓடினார்கள். அன்றைக்கே மைலிஸை மோதல் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சாப் அப்படித்தான் வளர்ந்தது. விமானம் செய்தவர்கள் உலகப் போர் முடிந்ததும் சும்மா இருக்க முடியாமல் கார் செய்தார்கள். அதில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் காற்று எப்படிப் போகும் என்று தெரியும். அதனால் முதல் வண்டி விமான இறக்கையை வெட்டிச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. பின்னால் சாமான் வைக்கக் கதவே கிடையாது. சோளம் பொரிகிற சத்தம், பின்னால் நீலப் புகை. மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். பனிமலைப் பந்தயத்தில் அந்தப் பொரிசோளம் பெரிய வண்டிகளையெல்லாம் முந்தியபோது சிரிப்பை நிறுத்தினார்கள். சாவியைக் கொண்டுபோய் இரண்டு இருக்கைக்கு நடுவில் வைத்தார்கள். ஏனய்யா என்றால், மோதலில் முழங்கால் சாவியில் இடித்து உடையக் கூடாது என்றார்கள். பிறகு வேகம் கூட்டுகிற டர்போ எஞ்சின் வந்தது. பேராசிரியர், பல் டாக்டர், கட்டிடம் வரைகிறவர் எல்லாம் வரிசையில் நின்று வாங்கினார்கள். அமெரிக்காவில் கூட.

அப்புறம் அமெரிக்காக்காரனே வந்து வாங்கிவிட்டான். அவனிடம் இருபது கம்பெனி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுச் சட்டை. "இந்தச் சட்டை போட்டுக்கோ" என்பான். இவர்கள் "ஆகட்டும்" என்று வாங்கிவந்து, கையை வெட்டி, காலரைத் திருப்பி, பொத்தானை மாற்றி, கடைசியில் பார்த்தால் அது சாப் சட்டையாகியிருக்கும். செலவு மட்டும் இரண்டு மடங்கு. இருபது வருடம் இப்படியே இழுபறி. அவன் கைகழுவினான். டச்சுக்காரன் ஒருவன் வந்தான், பெரிய மனசு, சின்னப் பை. இரண்டு வருடம் தாங்கவில்லை. அவ்வளவுதான் கதை. மைலிஸைக் கேட்டால் இதைக்கூட இவ்வளவு நீட்டிச் சொல்ல மாட்டாள்.

அந்த அமெரிக்காக்காரன் காலத்தில்தான் டாக்மாருக்கு அடையாள அட்டை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு. ஆறு பேருக்குக் குறைந்த பிரிவை வேறு பிரிவோடு சேர்க்க வேண்டும். மோதல் கூடத்தில் அப்போது ஐந்து பேர். சேர்த்தால் சாயம் பூசுகிறவர்களோடு சேர்ப்பார்கள், அவர்களுடைய மேலாளர் விசில் அடித்துக்கொண்டே இருப்பவர், சகிக்காது. ஐந்து பேரும் கூடிப் பேசினார்கள். டாக்மாரின் தலைக்கு ஒரு தொப்பி மாட்டிப் படம் எடுத்தார்கள். "டாக்மார் லிண்ட், தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படும் ஊழியர்" என்று படிவம் எழுதினார்கள். ஆள் சேர்ப்புப் பிரிவில் இருந்த மைலிஸின் சிநேகிதி முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் முத்திரை குத்திக் கொடுத்தாள். ஆறு பேர் ஆயிற்று. கூடம் தப்பியது. அந்தப் பெயரை அப்புறம் யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவே இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ரைமோ தபால் அறையிலிருந்து ஓர் உறையோடு வந்தான். அவன் தோள் குலுங்கியது. ரைமோ சிரித்து மைலிஸ் பார்த்தது அதுதான் மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ.

"படி" என்றான்.

உறைமேல் "டாக்மார் லிண்ட், மோதல் கூடம்" என்று அச்சடித்திருந்தது. உள்ளே வேலைநீக்கக் கடிதம். எல்லாருக்கும் வந்த அதே கடிதம். திவால் காரணமாகத் தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள், ஆறு மாதம் முன்னறிவிப்புக் காலம், அதுவரை தாங்கள் ஊழியரே, ஆனால் வேலை செய்யும் கடமையிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும். கீழே கையெழுத்து.

"ஊர் பூரா சொல்லிச் சிரிக்கலாம்" என்றான் ரைமோ.

மைலிஸ் சிரிக்கவில்லை. மறுபடி படித்தாள். "அதுவரை தாங்கள் ஊழியரே" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டினாள்.

"எங்க போற?"

"ஸ்டூரேகிட்ட."

ஸ்டூரே தொழிற்சங்கத்தின் ஆள். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லாமல் கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. கடிதத்தைப் படித்துவிட்டு மைலிஸைப் பார்த்தான்.

"மைலிஸ், எனக்கு மூவாயிரம் பேர் பிரச்சினை இருக்கு. விளையாட்டுக்கு வந்தியா?"

"மூவாயிரத்து ஒண்ணு. அவ உன் சங்கத்து உறுப்பினர்."

"யாரு? இந்தக் கம்பி மூட்டையா?"

"தொண்ணூத்தி நாலு ஆகஸ்ட்ல நண்டு விருந்துல நீதான் அட்டை எழுதிக் குடுத்த. மேசைமேல ஏறி நின்னு அவளை வரவேற்றுப் பேசின. பாட்டு வேற பாடின."

ஸ்டூரே முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "நான் அன்னிக்குக் குடிச்சிருந்தேன்."

"கையெழுத்து குடிக்கல. தெளிவாத்தான் இருக்கு."

"சந்தா?"

"சம்பளம் இல்லாத ஆளுக்குச் சந்தா ஏது?"

ஸ்டூரே நாற்காலியில் சாய்ந்தான். கூரையைப் பார்த்தான். ஒரு மாதமாக அவன் பேசப் போன எல்லா இடத்திலும் தோற்றுத்தான் திரும்பியிருந்தான். மெதுவாக அவன் வாய் ஒரு பக்கம் கோணியது.

"சரி வா" என்றான். "ஒரு தடவையாவது ஜெயிச்சுப் பாப்போம்."

வியாழக்கிழமை காலை பேச்சுவார்த்தை. வக்கீல் அலுவலகத்தின் சார்பில் பெர்னில்லா வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது, ஸ்டாக்ஹோம், கால்சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. மஞ்சள் சீட்டெல்லாம் அவள் பொறுப்பு. மைலிஸ் கடையிலிருந்து செம்லா வாங்கி வந்திருந்தாள். தலையில் பாலேடு வைத்த அந்த பன்னைச் சாப்பிட்டுக்கொண்டே யாராலும் கோபமாகப் பேச முடியாது, மூக்கில் ஒட்டும்.

"சீட்டைக் கிழிக்கறது நீங்கதானா?" என்றாள் பெர்னில்லா.

"நானேதான்."

"அது திவால் சொத்து. அதுல கை வைக்கக் கூடாது."

"சொத்து இல்ல, ஊழியர்" என்றான் ஸ்டூரே. கடிதத்தை மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினான். "கையெழுத்து உங்களுதுதானே?"

பெர்னில்லா படித்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "இது... பட்டியல்ல இருந்த பேரு எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர் அனுப்பிடுச்சு. தவறு. திரும்ப வாங்கிக்கறேன்."

"தாராளமா" என்றான் ஸ்டூரே. "ஆனா நீக்கத்தைத் திரும்ப வாங்கணும்னா அந்த ஊழியர் சம்மதிக்கணும். சட்டம் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"அது ஆளே இல்லையே!"

"அப்ப ஏம்மா அதுக்குக் கடுதாசி போட்டீங்க?" என்றாள் மைலிஸ். "நான் முப்பத்தெட்டு வருஷம் இங்க வேலை பாத்தேன். எனக்கு வந்த கடுதாசியும் இதேதான். ஒரு எழுத்து மாறல. அவளுக்கு வந்தது தவறுன்னா எனக்கு வந்தது மட்டும் எப்படி யோசிச்சு எழுதினதாகும்?"

பெர்னில்லா செம்லாவைத் தொடவில்லை.

ஸ்டூரே குரலை உயர்த்தாமல் சொன்னான். "நான் பெரிய பேச்சுவார்த்தை கேக்கப் போறதா இருக்கேன். பட்டியல் சரிபாக்காம அனுப்பியிருக்குன்னு. ஒரு பேரு தப்புன்னா மூவாயிரத்தையும் பாக்கணும், இல்லையா? மூணு வாரம் ஆகும். நாலுகூட ஆகலாம். அதுவரைக்கும் மோதல் கூடத்துல ஒரு ஆணியைக்கூட அசைக்க முடியாது."

"நாளைக்குக் கூடத்தைக் காலி பண்ணணும். இடம் பாக்க ஆளுங்க வராங்க."

"அது உங்க கஷ்டம்."

"என்னதான் வேணும் உங்களுக்கு?" பெர்னில்லா மைலிஸைப் பார்த்துக் கேட்டாள். "காட்சிக்கு வைக்கணுமா? கார் அருங்காட்சியகத்துக்குக் கேளுங்க, எழுதித் தரேன். கண்ணாடிப் பெட்டியில அழகா வைப்பாங்க."

"கண்ணாடிப் பெட்டியிலயா?" மைலிஸுக்கு முதல்முறையாகக் கோபம் குரலில் வந்தது. "முன்னூத்திப் பதினோரு தடவை கார் மோதியிருக்கு அவமேல. ஒவ்வொரு தடவையும் பிரிஞ்சு சிதறினதைப் பொறுக்கி நான் திரும்பக் கட்டியிருக்கேன். இன்னும் முன்னூறு தாங்குவா. அவளைப் போய் உக்கார வச்சு வேடிக்கை காட்டச் சொல்றியா? உருக்கவும் வேணாம், பெட்டியும் வேணாம். கடுதாசியில போட்டிருக்கறதைச் செய்ங்க, போதும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள வளாகத்தை விட்டு வெளியேறணும்னு போட்டிருக்கு. வெளியேறட்டும்."

பெர்னில்லா கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். தான் எழுதிய வரிகளிலேயே எங்காவது ஓட்டை இருக்குமா என்று தேடினாள். இல்லை. கடைசியில் பேனாவை எடுத்து, சொத்துப் பட்டியலில் 2318-க்கு நேராக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் "பொருள் அல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதற்கப்புறம்தான் செம்லாவை எடுத்தாள். நிஜமாகவே மூக்கில் ஒட்டியது. அவள் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "உண்மையிலேயே தொப்பி போட்டுப் படம் எடுத்தீங்களா?"

"பின்னல் தொப்பி" என்றாள் மைலிஸ். "சிவப்பு."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கே ரைமோ தன் பழைய சாப் 900 காரின் பின்னால் இழுவண்டியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். டாக்மாரைக் கொக்கியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. கூடத்தில் இப்போது அவ்வளவு பேர் ஏது? சங்க அலுவலகத்திலிருந்து ஸ்டூரே வந்தான். கண்ணாடி பதிக்கிற பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். இழுவண்டியில் ஏற்றியபோது கால்கள் நாலும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. மைலிஸ் கயிறு போட்டு இறுக்கினாள்.

வாசலில் பழைய இரும்பு லாரி எதிரே வந்தது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினான். "மோதல் கூடத்துல கம்பி இருக்குன்னாங்க. இதுதானா?"

"இது ஆளு" என்றாள் மைலிஸ். "கம்பி தீந்துபோச்சு."

காவலாளி வெளியேறுகிறவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றான். பேர் பேராகச் சரிபார்த்து 'டிக்' போட வேண்டும் என்பது அவனுக்கு உத்தரவு. மைலிஸ், ரைமோ, அடுத்து டாக்மார் லிண்ட். அவன் பட்டியலைப் பார்த்தான், இழுவண்டியைப் பார்த்தான், மறுபடி பட்டியலைப் பார்த்தான். அவனும் இருபது வருடம் அங்கே வேலை பார்த்தவன்தான். முதுகை நிமிர்த்தி நின்று, டாக்மாருக்கு நேராகவும் ஒரு 'டிக்' போட்டான். தடுப்புக் கம்பு மேலே போனது.

மார்ச் மாதம் மைலிஸின் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. தெற்கே ஒரு சோதனை நிலையம். வேறு நாட்டுக் கம்பெனி ஒன்று புது வண்டியை இங்கே விற்கப் பார்க்கிறதாம். மானில் மோதிப் பார்க்க வேண்டுமாம். நல்ல மான் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால் எல்லாரும் இந்த எண்ணைத்தான் கொடுக்கிறார்களாம்.

"வருவா" என்றாள் மைலிஸ். "தேவைப்படும்போது மட்டும் வர்ற ஆளு அவ. ஆனா நான்தான் கட்டுவேன். வேற கை படக் கூடாது."

இருநூறு கிலோமீட்டர் போனார்கள். சோதனை நிலையத்தில் பளபளவென்று ஒரு வண்டி நின்றது. பெரிய திரை, கதவில் விளக்கு, என்னென்னவோ. சின்ன வயசு எஞ்சினியர்கள் நாலு பேர் கையில் கம்ப்யூட்டரோடு நின்றார்கள். மைலிஸ் டாக்மாரின் கழுத்தைத் தூக்கிக் கட்டினாள், வயிற்றைச் சரியவிட்டாள், ரைமோ உயரத்தைச் சரிபார்த்தான்.

"கம்ப்யூட்டர்ல இதை ஆயிரம் தடவை மோதிப் பாத்துட்டோம்" என்றான் அவர்களில் ஒருவன், மரியாதையாகத்தான். "கூரை தாங்கும்."

"அப்படியா, சந்தோஷம்" என்றாள் மைலிஸ்.

வண்டி எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. இடி விழுந்த மாதிரி ஒரே சத்தம். கண்ணாடித் தூள் தரையெல்லாம் பரவி உருண்டு ஓய்ந்தது. முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் கூரையைத் தாங்குகிற முன்தூண்கள் வளைந்து, கூரை உள்வாங்கி, ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்திருந்த பொம்மையின் நெற்றிமேல் வந்து படுத்திருந்தது.

மைலிஸ் கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு போனாள். பொம்மைத் தலைக்கும் கூரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல்கூட நுழையவில்லை. திரும்பி வந்து அந்தப் பையன்களுக்கு முன்னால் நின்றாள். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

"எண்பத்தி அஞ்சுல நாங்க மோதவிட்ட வண்டியில இந்த இடத்துல என் முஷ்டி முழுசாப் போகும்" என்றாள். "போங்க, போய்த் தூணை மாத்திச் செஞ்சு எடுத்துட்டு வாங்க. எத்தனை தடவை வேணாலும் வாங்க."

பிறகு முழங்காலில் உட்கார்ந்து சிதறிக் கிடந்த கம்பிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். ரைமோ கயிற்றுச் சுருளை அவள் பக்கம் உருட்டிவிட்டான்.